வாகனத்துக்கான மின்னணுத் துருத் தடுப்புப் பெட்டி: வாங்க வேண்டாம்

புதுக் கார் வாங்கப் போகிறோம், மின்னணுத் துருத் தடுப்புக் கருவியும் சேர்த்துப் போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் வேண்டாம் என்பதுதான். அந்தக் காசில் பாதியை வேறு விதமாகச் செலவழித்தாலே வண்டி உண்மையில் கூடுதல் காலம் ஓடும். இதைக் கேள்விப்பட்டதை வைத்துச் சொல்லவில்லை. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் நிலத்துக்கு அடியில் ஓடும் எரிவாயுக் குழாய்கள் உக்கிப்போகாமல் மின்சாரத்தால் காப்பது என் தொழில். மின்சாரம் கறளை, அதாவது துருவை, தடுக்கும் என்பதை நான் நாள்தோறும் அளந்து பார்க்கிறேன். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அந்த உண்மை சேர்த்து வைத்த நற்பெயரைக் காட்டித்தான் இந்தப் பெட்டியை விற்கிறார்கள். என் கோபம் முழுவதும் அதனால் வந்தது.

பெட்டி என் கைக்கு வந்தது அக்கா வீட்டிலிருந்து. அக்காவும் அத்தானும் மினிவான் ஒன்றைப் புதிதாக வாங்கினார்கள். விலை பேசி முடிந்த பிறகு, கடன் பத்திரத்தில் கையெழுத்து வைக்கும் அறையில், இந்தக் கருவியை அவர்கள் தலையில் கட்டிவிட்டார்கள். விற்பனை நிலையத்தின் பெயரை எழுதப் போவதில்லை. அந்த அறையில் நடப்பது பல இடங்களில் நடப்பதுதான். விலை ஆயிரம் டொலருக்குச் சற்றுக் குறைவு. ஆனால் யாரும் ஆயிரம் என்று சொல்லவில்லை; மாதத் தவணையில் பதினைந்து, பதினாறு டொலர் கூடும் என்றார்கள். முப்பது வருடமாக இந்த நாட்டுக் குளிரில் கார் ஓட்டிக் கறளோடு போராடிய அத்தானுக்கு, அந்த அறையில் காட்டிய வீடியோ போதுமாக இருந்தது. உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு இரும்புத் தகடுகள். கருவியோடு இணைத்த தகடு பளபளக்கிறது, இணைக்காத தகடு செம்மண் நிறமாகிவிடுகிறது. அந்த வீடியோவில் பொய் இல்லை. அதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

பிள்ளைகள் வளர்ந்து அவரவர் வண்டி வாங்கிக்கொண்டதும் மினிவானை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்ராறியோவில் கணவன் மனைவிக்கு இடையே வண்டி கைமாறினால்தான் பாதுகாப்புச் சான்றிதழில் விலக்கு. அக்காவிடமிருந்து தங்கைக்கு என்றால் பரிசோதனை செய்தே ஆக வேண்டும். மார்க்கம் வீதியில் நாங்கள் வழக்கமாகப் போகும் கராஜில் வண்டியை மேலே தூக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் கராஜ் அண்ணர், "தங்கச்சி, ஒருக்கால் வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார். பின்சில்லுகளுக்கு மேலுள்ள வளைவின் உள்மடிப்பு முழுவதும் கொப்புளம். பிரேக் குழாயின் மேல் கறள் செதில் செதிலாக உரிந்தது. பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவுக்குக் கீழே, முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டத்தை (ரொக்கர் பனல் என்பார்கள்) அவர் சுத்தியலின் பின்புறத்தால் மெல்லத் தட்டினார். சுத்தியல் உள்ளே போய்விட்டது. பொனற்றைத் திறந்தால் கருவியின் பச்சை விளக்கு ஒழுங்காக மின்னிக்கொண்டிருந்தது. இணைப்பு அறுந்திருக்கவில்லை, பற்றரியில் குறை இல்லை. அது செய்ய வேண்டியதை எல்லாம் செய்துகொண்டுதான் இருந்தது.

கருவியை விவரித்துவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புப் பிளாஸ்ரிக் பெட்டி. இரண்டு வயர்கள் பற்றரியின் இரு முனைகளுக்குப் போகின்றன. வேறு இரண்டு வயர்கள், வண்ணம் பூசிய தகட்டின் மேலேயே ஒட்டிய இரு பட்டைகளில் முடிகின்றன. தகட்டைச் சுரண்ட வேண்டாம், துளையிட வேண்டாம் என்பதைப் பெரிய சிறப்பாக விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். விளக்கமும் உண்டு: இரும்பு இலத்திரனை இழந்தால்தான் கறள் உண்டாகும், எங்கள் கருவி வாகனத்தின் உடல் முழுவதையும் இலத்திரன்களால் நிரப்பிக்கொண்டே இருக்கிறது, எனவே இழப்பு இல்லை, கறளும் இல்லை.

முதல் பாதி சரி. ஒரு துளி தண்ணீர் இரும்பின் மேல் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துளிக்கு அடியில் ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு இலத்திரன்களைத் தகட்டிலேயே விட்டுவிட்டு அயனாக நீருக்குள் இறங்குகிறது. அந்த இடம் அனோட்டு. இலத்திரன்கள் தகட்டுக்குள்ளேயே சிறிது தூரம் ஓடி, இன்னோரிடத்தில் நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசனிடம் போய்ச் சேருகின்றன. அது கதோட்டு. உலோகத்துக்குள் இலத்திரன் ஓட்டம், நீருக்குள் அயன் ஓட்டம்; இரண்டும் சேர்ந்தால்தான் சுற்று பூர்த்தியாகும். உப்பு சேர்ந்தால் நீர் நன்றாக மின்னைக் கடத்துகிறது. குளோரைட்டு இரும்பின் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தையும் உடைக்கிறது. ஒரு துளிக்கு அடியில் நடக்கும் இந்தச் சுற்று அந்தத் துளியோடு முடிந்துவிடுகிறது. இதை நினைவில் வைத்திருங்கள்.

இந்தச் சுற்றை எதிர்த் திசையில் தள்ளலாம் என்று செய்து காட்டியவர் ஹம்ப்ரி டேவி. பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் அடித்திருந்த செப்புத் தகடுகள் கடல்நீரில் அரித்துக்கொண்டிருந்தன. 1824இல் அவர் அவற்றோடு துத்தநாகம் அல்லது இரும்புத் துண்டுகளை இணைத்தார். துண்டு கரைந்தது, செப்பு தப்பியது. ஆனால் செப்பு கரையாமல் போனதால் கடலுயிர்களை அண்டவிடாத அதன் நஞ்சும் நீரில் இறங்கவில்லை. பாசியும் சிப்பியும் அப்பிக் கப்பல்கள் மந்தமாயின. கடற்படை அதைக் கைவிட்டது. நூறு ஆண்டு கழித்து, 1928இல், ராபர்ட் கூன் என்ற பொறியியலாளர் நியூ ஓர்லியன்ஸில் எரிவாயுக் குழாய் ஒன்றுக்கு வெளியிலிருந்து நேர்மின்னோட்டம் கொடுத்துக் காத்தார். செப்பு சல்பேற்று மின்வாயோடு (அளக்கும்போது ஒப்பீட்டுக்காக ஈரத்தில் வைக்கும் முனை) ஒப்பிட்டால் இரும்பின் மின்னழுத்தம் மைனஸ் 0.85 வோல்ற்றுக்குக் கீழே இருக்க வேண்டும் என்ற அளவுகோல் அவரிடமிருந்து வந்தது. இன்றைக்கும் நான் வேலைக்குப் போனால் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

எங்கள் வேலை இப்படி நடக்கிறது. வீதியோரத்தில் ஒரு பெட்டி, மாற்று மின்னை நேர்மின்னாக மாற்றுகிறது. அதன் நேர்முனை, மண்ணுக்குள் புதைத்த கிராபைற்று அல்லது சிலிக்கன் கலந்த வார்ப்பிரும்பு அனோட்டுகளுக்குப் போகிறது. எதிர்முனை குழாய்க்கு. மின்னோட்டம் அனோட்டிலிருந்து ஈர மண் வழியாக நடந்து குழாயின் மேற்பரப்பை அடைகிறது. அந்த ஈர மண் இல்லாவிட்டால் ஒன்றும் இல்லை. கோடையில் மண் வரண்டு கிடந்தால், ஒப்பீட்டு மின்வாயை ஊன்றும் இடத்தில் போத்தலிலிருந்து தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அளக்கிறோம். தண்ணீர் இல்லாமல் மீற்றரில் ஒழுங்கான எண்கூட வராது.

இதே தத்துவம் உங்கள் வீட்டிலும் இருக்கிறது. நிலவறையில் நிற்கும் வெந்நீர்த் தொட்டிக்குள் மகனீசியக் கம்பி ஒன்று தொங்குகிறது. அது கரையும்வரை தொட்டி ஓட்டையாவதில்லை. ஊரில் மாமாவின் படகு எஞ்சினின் அடியில் திருகியிருந்த துத்தநாகக் கட்டியும் இதே வேலையைச் செய்தது. வருடாவருடம் அது தேய்ந்து போகும், மாமா புதுக் கட்டி வாங்கிப் பூட்டுவார். கடலுக்குள் நிற்கும் பாகம் அப்படியே இருக்கும். நீர்மட்டத்துக்கு மேலே, உப்புச் சாரல் படும் ஆணிகளும் திருகுகளும் மட்டும் கறள் கட்டும். எஞ்சின் ஒன்று, உலோகத் தொடர்பு ஒன்று, துத்தநாகமும் ஒன்று. ஆனால் நீருக்கு மேலே இருந்த பாகத்துக்கு அந்தக் கட்டியால் ஒரு பயனும் இல்லை.

கார் முழுவதும் நீருக்கு மேலே இருக்கிற பாகம்தான். நாலு ரப்பர் ரயர்களின் மேல், காற்றில் நிற்கிறது. அதில் ஈரம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும்: சில்லு வளைவுக்குள் அப்பிய சேறு, பெட்டிச் சட்டத்துக்குள் தேங்கிய உப்புநீர், கதவின் அடி மடிப்பில் ஒரு கீற்று. ஒவ்வொரு திட்டும் தனித்தனிச் சுற்று. அந்தத் திட்டுக்குள்ளேயே ஓர் அனோட்டு இருந்தால்தான் அங்கே பாதுகாப்பு கிடைக்கும். பொனற்றுக்கு அடியில் காய்ந்த வண்ணத்தின் மேல் ஒட்டிய பட்டையிலிருந்து பின்சில்லின் சேற்றுக்குப் போக அயன்களுக்கு வழியே கிடையாது. விற்பனை அறை வீடியோவில் தகடு பளபளத்ததற்குக் காரணம் இதுதான்; அங்கே தகடு தொட்டித் தண்ணீருக்குள் மூழ்கி நின்றது. காரைத் தொட்டிக்குள் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கருவி பயன்படலாம்.

கருவி பயன்படாததற்குக் காரணம் அதன் மின்னோட்டம் போதாததுதான் என்று சிலர் வாதிடுகிறார்கள். அது சரியான வாதம் அல்ல என்பதால் இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு கிராம் இரும்பு கறளாகக் கரையும்போது கைமாறும் மின்னேற்றம் ஏறக்குறைய ஓர் அம்பியர்-மணி. பத்து ஆண்டில் ஒரு கிலோ இரும்பு போகிறது என்றால் சராசரி பதினொரு மில்லி அம்பியர்தான் வருகிறது. அக்காவின் பெட்டி பற்றரியிலிருந்து இழுத்ததும் சில மில்லி அம்பியர். ஆகவே அளவு பெரிய பிரச்சினை இல்லை. போய்ச் சேரப் பாதை இல்லாததுதான் பிரச்சினை. பாதை இல்லாவிட்டால் மிஞ்சுவது, உடலை "இலத்திரன்களால் நிரப்புவது" என்ற பேச்சு மட்டும். காற்றில் நிற்கும் ஒரு காரின் உடல் 12 வோல்ற்றில் ஏந்தக்கூடிய மின்னேற்றம், ஒரு கிராம் இரும்பு கரையும்போது கைமாறுவதில் பல்லாயிரம் கோடியில் ஒரு பங்கு. இன்னொன்றும் உண்டு. இன்று தெருவில் ஓடும் கார்களின் உடல் ஏற்கெனவே பற்றரியின் எதிர்முனையோடுதான் இணைந்திருக்கிறது. எதிர்முனையோடு இணைப்பது மட்டும் கறளை நிறுத்துமானால் கராஜ்காரர்கள் பாதிப் பேருக்கு வேலை இருக்காது.

கணக்கோடு நிற்காமல் அளந்தும் பார்த்தேன். வேலைக்குக் கொண்டுபோகும் செப்பு சல்பேற்று மின்வாயையும் மீற்றரையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பின்சில்லு வளைவில் பூச்சு உதிர்ந்து வெறும் இரும்பு தெரிந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தமாக்கி, உப்புநீரில் நனைத்த பஞ்சை அதன் மேல் வைத்து, பஞ்சின் மேல் மின்வாயை வைத்தேன். கருவி ஓடும்போது மைனஸ் 0.6 வோல்ற்றுக்குச் சற்றுக் கீழே காட்டியது. கருவியின் வயரைக் கழற்றினேன், அதே எண். மறுபடி பூட்டிவிட்டுச் சமைக்கப் போய், சமைத்து முடித்து வந்து பார்த்தேன், அதே எண். கடைசி இலக்கம் மட்டும் ஆடியது; பஞ்சு காயும்போது அது எப்போதும் ஆடும். பாதுகாப்பு நடக்கிறது என்று எங்கள் தொழிலில் ஒப்புக்கொள்ள வேண்டுமானால் குறைந்தது பத்தில் ஒரு வோல்ற் நகர வேண்டும்.

பிறகு ஒரு சிறு துத்தநாகத் துண்டை அதே ஈரப் பஞ்சில் செருகி, வயரால் வண்டியின் உடலோடு இணைத்தேன். மீற்றர் உடனே மைனஸ் 1 வோல்ற்றை நோக்கி ஓடியது. உண்மையான கதோட்டுப் பாதுகாப்பு, அதாவது இரும்பைக் கதோட்டாக்கிக் காப்பது, அப்படித்தான் இருக்கும்; யாரும் நம்ப வேண்டிய தேவை இல்லை, மீற்றரே காட்டிவிடும். துத்தநாகத்தை அங்கேயே விட்டுவிட்டு, மற்றப் பக்கச் சில்லு வளைவில் இன்னொரு பஞ்சு வைத்து அளந்தேன். அங்கே ஒரு மாற்றமும் இல்லை. வண்டி ஒன்றுதான், ஆனால் ஈரம் இரண்டு.

கார் நிறுவனங்கள் இந்த உண்மையைக் கடைப்பிடிக்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஹமில்டனில் டொபாஸ்கோ உருக்காலையைக் கடந்து போயிருப்பீர்கள். துத்தநாகம் பூசிய உருக்குத் தகடு அங்கிருந்து கார் ஆலைகளுக்குப் போகிறது. தகட்டின் மேல் கீறல் விழுந்தால் கீறலின் இரு கரையிலும் உள்ள துத்தநாகம் தான் கரைந்து நடுவிலுள்ள இரும்பைக் காக்கிறது. அனோட்டு கீறலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு துளி ஈரமே போதும். அதற்கு மேல், உடல் முழுவதையும் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தால் படிய வைக்கும் அடிப்பூச்சு. இந்த இரண்டும் இருப்பதால் இந்தக் காலத்துக் காரில் முதல் ஆறேழு ஆண்டுகளுக்குத் தகட்டில் ஓட்டை விழுவது அரிது. பெட்டி போட்டவர்கள், "ஐந்து வருடம் ஆகிறது, ஒரு பொட்டுக் கறள் இல்லை" என்று மனதார நம்பிச் சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் பெட்டி போடாத பக்கத்து வீட்டுக் காரிலும் ஐந்தாம் வருடம் பொட்டுக் கறள் இருக்காது. பெட்டியோடு சேர்த்து வருடந்தோறும் எண்ணெயும் அடித்துவிட்டு, புகழைப் பெட்டிக்குக் கொடுப்பவர்களும் உண்டு.

பிக்அப் வண்டிகளின் அடிச்சட்டம் உக்கிய வழக்கில் டொயோட்டா நிறுவனம் 2016இல் அமெரிக்காவில் உடன்பாட்டுக்கு வந்தது. அதன் மதிப்பு 340 கோடி டொலர் வரை போகலாம் என்று அப்போது செய்திகள் வந்தன. ஒரு சிறு மின்சுற்றால் அந்தச் சட்டங்களைக் காத்திருக்க முடியுமானால், ஆலையிலேயே அதைப் பொருத்திவிட்டிருப்பார்கள்.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையமும் இதில் தலையிட்டிருக்கிறது. ரஸ்ட் எவேடர் என்ற பெயரில் விற்கப்பட்ட இத்தகைய கருவி கறளைத் தடுக்கும் என்ற கூற்று பொய் என்று அதை விற்ற நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. அந்த விவகாரம் 1996இல் 2 லட்சம் டொலரோடு முடிந்தது. அதற்குப் பிறகும் வேறு பெயர்களில், வேறு வண்ணப் பெட்டிகளில் இந்தப் பொருள் சந்தையில் இருக்கிறது.

அப்படியிருந்தும் ஏன் விற்பனையாகிறது? உத்தரவாதப் பத்திரத்தால். அத்தானை முழுதாகச் சம்மதிக்க வைத்தது வீடியோ என்றால், கையெழுத்து வைக்க வைத்தது அந்தப் பத்திரம். பத்து வருடம், ஓட்டை விழுந்தால் நாங்கள் திருத்தித் தருகிறோம் என்று தடித்த எழுத்தில் இருந்தது. மடித்து வைத்திருந்த தாளை நான் விரித்து முழுவதும் வாசித்தேன். உள்ளிருந்து வெளியே விழும் ஓட்டை மட்டும்தான் கணக்கு. மேற்பரப்புக் கறள் சேராது. அடிச்சட்டம், பிரேக் குழாய், புகைக் குழாய் சேரா. கல்லடி பட்ட இடம், வண்ணம் காயப்பட்ட இடம் சேரா. இவை போக, வாங்கிய திகதியை ஒட்டி முப்பது நாளுக்குள் ஒவ்வொரு வருடமும் அதே நிலையத்தில் பரிசோதனை செய்து முத்திரை பெற வேண்டும். ஒரு வருடம் தவறினால் பத்திரம் செல்லாது. அத்தானின் தகப்பன் ஊரில் இறந்த வருடம் அவர்கள் பரிசோதனைக்குப் போகவில்லை. ரொக்கர் பனலில் ஓட்டை விழுந்த பிறகு அத்தான் அந்தப் பத்திரத்தோடு போனார். முத்திரை இல்லாத ஒரு கட்டத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் அதைச் சொல்லும்போது கோபப்படக்கூட இல்லை, அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றே நினைத்திருந்தார். எனக்குத்தான் வயிறு எரிந்தது. கார் நிறுவனமே தகட்டு ஓட்டைக்குத் தனியாக உத்தரவாதம் தருகிறது. கனடாவில் பல நிறுவனங்களுக்கு அது ஐந்து ஆண்டு, காசு கேட்பதில்லை. ஓட்டை விழ வாய்ப்பே குறைவான முதல் ஐந்து ஆண்டுக்கு அந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது என்பதைக் கையெழுத்து அறையில் யாரும் நினைவூட்டுவதில்லை.

கார் வாங்கப் போகிறவர்கள் இரண்டு விடயங்களைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒன்ராறியோவில் விற்பனை நிலையத்தில் காருக்குக் கையெழுத்து வைத்த பின் மனம் மாறினால் ஒப்பந்தத்தைக் கைவிடச் சட்டப்படி அவகாசம் எதுவும் கிடையாது. வேண்டாம் என்பதை அந்த அறையிலேயே சொல்லிவிட வேண்டும். அடுத்தது, விளம்பரத்தில் போடும் விலைக்குள் வரியும் உரிமப் பதிவுக் கட்டணமும் தவிர எல்லாச் செலவும் அடங்கியிருக்க வேண்டும் என்பது 2010இலிருந்து இங்கே விதி. கருவியை ஏற்கெனவே பொருத்திவிட்டோம், அதற்குத் தனியாகக் காசு என்று சொன்னால் விளம்பர விலையைக் காட்டிக் கேளுங்கள். உரக்கப் பேசத் தேவையில்லை.

இனி, பயன் தருவது எது என்பதற்கு வருகிறேன். எதிரி யார் என்று முதலில் பார்க்க வேண்டும். ஹியூரன் ஏரிக்கு அடியில், கோடரிச் நகரத்துச் சுரங்கத்தில், அரைக் கிலோமீற்றருக்கும் மேலான ஆழத்திலிருந்து வெட்டி எடுக்கும் உப்புத்தான் எங்கள் வீதிகளுக்கு வருகிறது. உலகின் மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் அது. ரொறன்ரோ நகரம் மட்டும் ஒரு குளிர்காலத்தில் சுமார் 130,000 தொன் கொட்டுகிறது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்து ஈரமாகிறது. சில வீதிகளில் தெளிக்கும் கல்சியம், மகனீசியம் குளோரைட்டுகளுக்கு மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதனே போதும். ஆகவே மழை பெய்யாவிட்டாலும் உப்புப் படிந்த மடிப்பு காய்வதில்லை. உப்போடு வந்த வண்டியைச் சூடாக்கிய கராஜில் நிறுத்துவது வண்டிக்குச் செய்யும் நன்மை என்று பலர் நினைக்கிறார்கள். வெளியே உறைபனியில் கறள் ஏறக்குறைய தூங்குகிறது. உள்ளே வெப்பத்தில் விழித்து வேலை செய்கிறது.

உப்புநீர் இரும்பைத் தொடாமல் செய்வதுதான் வழி. அதற்கு நான் நம்புவது வருடந்தோறும் அடிக்கும் எண்ணெய். குரோன், ரஸ்ட் செக் ஆகிய பெயர்கள் இங்கே கார் வைத்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். லனோலின் அடிப்படையிலான பசைகளும் இருக்கின்றன. மினிவானுக்கு 150 முதல் 200 டொலர் வரை கேட்கிறார்கள். பெட்டியின் விலைக்கு ஐந்து, ஆறு வருடம் அடிக்கலாம். இந்த எண்ணெய் இறுகிக் காய்வதில்லை. மடிப்புகளுக்குள் ஊர்ந்து போய், அங்கே இருக்கும் நீரைத் தள்ளிவிட்டுத் தான் ஒட்டிக்கொள்கிறது. ஏற்கெனவே கறள் இருக்கும் இடத்திலும் ஊறி அதன் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் கழுவுப்பட்டுப் போகும் என்பதால் வருடந்தோறும் அடிக்க வேண்டும்; ஒரு முறை அடித்துவிட்டு மூன்று வருடம் விட்டால் பயன் இல்லை.

அடிக்கிறவர் யார் என்பது எண்ணெயின் பெயரைவிட முக்கியம். கதவுகள், ரொக்கர் பனல், பின்கதவு ஆகியவற்றின் உட்பகுதிக்குள் குழலை விட்டு அடிக்க வேண்டும். அதற்குச் சிறு துளைகள் இட்டுப் பிளாஸ்ரிக் மூடியால் அடைப்பார்கள். அடித்து முடிந்ததும் ரொக்கர் பனலின் அடி வடிகால் துளைகளிலிருந்து எண்ணெய் சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள். சொட்டாவிட்டால் உள்ளே போகவில்லை, அல்லது துளை சேற்றால் அடைபட்டிருக்கிறது. அடைபட்ட துளையை ஒரு கம்பியால் நீங்களே குத்தித் திறக்கலாம். கண்ணாடித் துடைப்பானுக்குக் கீழே சேரும் இலைச் சருகையும் இலையுதிர்காலம் முடியும்போது அள்ளிவிட வேண்டும்.

தார் போன்ற கறுப்புப் பூச்சைத் தவிருங்கள். புதிதாகப் பார்க்க அழகாக இருக்கும். இரண்டு மூன்று குளிர்காலத்தில் அது வெடித்து, வெடிப்புக்குள் உப்புநீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கறள் அதற்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் பரவுகிறது. பழைய வண்டிக்கு அதை அடிக்கச் சொல்லவே சொல்லாதீர்கள்.

குளிர்காலத்தில் வெப்பம் பூச்சியத்துக்கு மேலே வரும் நாள்களில், அடிப்பாகத்துக்கும் தண்ணீர் பீச்சுகிற கழுவுமிடமாகப் பார்த்து வண்டியைக் கொண்டுபோங்கள். ஏப்ரலில் உப்பு நின்றதும் சில்லு வளைவுகளுக்குள் தோட்டக் குழாயைப் பிடித்து, வருகிற நீர் தெளியும்வரை கழுவுங்கள். கல்லடி பட்டு வண்ணம் உதிர்ந்த இடத்தை அந்த வாரமே பூசி மூடுங்கள்.

பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் அதனால் வண்டிக்குக் கெடுதல் வருமோ என்று அஞ்ச வேண்டாம். விடுமுறையில் ஊருக்குப் போய் வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதானால் மட்டும் அதன் வயரைக் கழற்றிவிடுங்கள்; சிறிய இழுப்பாக இருந்தாலும் குளிரில் பழைய பற்றரிக்கு அது கூடுதல் சுமை. உத்தரவாதம் இன்னும் செல்லுபடியாகிறது என்றால் வருடாந்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்து வாங்கியவற்றில் பெறுமதி உள்ளது அந்தத் தாள் ஒன்றுதான்.

மினிவானின் ரொக்கர் பனலை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டினோம். பிரேக் குழாய்களை மாற்றினோம். அந்தச் செலவு பெட்டியின் விலையைவிட அதிகம். பெட்டியைக் கழற்றி, தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக என் வேலை மேசையில் வைத்திருக்கிறேன். வண்டிக்கு இப்போது ஒவ்வொரு ஒக்ரோபரிலும், முதல் உப்பு விழுமுன், எண்ணெய் அடிக்கிறேன். அடித்த பின் இரண்டு மூன்று நாள் அடியிலிருந்து எண்ணெய் சொட்டும். வீட்டு வாசலில் நிறுத்துவதானால் பெரிய அட்டை ஒன்றை விரித்து அதன் மேல் நிறுத்துங்கள்.